புழல் மண்கோட்டை வழக்கும் மண்ணரணின் காப்பியல்பும்

முன்னுரை

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். அம்பத்தூரை அடுத்த புழலில் குறும்பர் மண்கோட்டை அமைத்து ஆண்டனர் என்பதும், தொண்டைமான் அதனை வென்றான் என்பதும் அப்பகுதி வழக்கு. காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளிலும் குறும்பர் பற்றிய இத்தகைய செய்திகள் உள்ளன. கல்மதில் எச்சம் இல்லை என்பதால் இவ்வழக்கை வெறுங்கதை என ஒதுக்குவது பொருந்துமா என்பதை மண்ணரணின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

உயரமும் அகலமும்

திருக்குறளின் 'அரண்' அதிகாரம் மதிலுக்கு உயரம், அகலம், உறுதி, அணுகுதற்கருமை என்னும் நான்கு இயல்புகளைச் சுட்டுகிறது. மண்மதிலைச் செங்குத்தாக உயர்த்தினால் சரியும். ஆகவே அடியகலம் மிகுதியாக வேண்டும். அதற்குரிய மண்ணை அகழி தருகிறது. தோண்டிய பள்ளம் ஓர் அரண். எடுத்த மண் மற்றோர் அரண். 10 அடி ஆழ அகழியின் கரையை ஒட்டி 12 அடி மதில் எழுந்தால், பகைவர் ஏறவேண்டிய உயரம் 22 அடியாகும்.

உறுதி

பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் பிளந்து சிதறும். தடித்த மண்மதில் குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். உடைந்த இடத்தை அம்மண்ணைக் கொண்டே விரைவில் அடைக்கலாம். 1799இல் இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊமைத்துரை 1801இல் மண்ணால் மீட்டெழுப்பினார். அவ்வாண்டு மார்ச் 31இல் ஆங்கிலேயரின் தாக்குதலை முறியடித்த அக்கோட்டை, பெரும்படை திரண்டு வந்த பின்னரே மே 24இல் வீழ்ந்தது.

அணுகுதற்கருமை

மதிற்புறத்து முள்வேலி பகைவரின் விரைவைக் குறைத்து, அவர்களை எய்படைக்கு இலக்காக நிறுத்தும். நீர் நிறைந்த அகழி யானையையும் ஏணியையும் தடுப்பதோடு, மதிலடியில் சுரங்கம் அகழ்வதையும் அரிதாக்கும். வட இந்தியாவின் பரத்பூர் மண்கோட்டை 1805இல் லேக் பிரபுவின் நான்கு தாக்குதல்களைத் தாங்கியது. பின்னர் முற்றுகையிட்ட ஆங்கிலப் படை, ஏரிநீர் அகழிக்குள் பாயாதவாறு கரையை முதலில் கைப்பற்றியது. 1826 ஜனவரியில் மதிலடியில் வெடிமருந்துச் சுரங்கம் வைத்துக் கோட்டையைப் பிடித்தது. மண்ணரணின் வலிமை மதிலில் மட்டுமன்று, நீரிலும் உள்ளது என்பதை இது காட்டுகிறது. புழல் வழக்கு பீரங்கிக்கு முற்பட்ட காலத்தைச் சார்ந்தது; ஆயினும் நீர்வளம் மிக்க அந்நிலம் இத்தகைய அரணுக்கு ஏற்றதே.

வழக்கும் சான்றும்

மண்ணரணின் பெரும்பகை மழை. பேணுவார் இல்லாதபோது மதில் கரைந்து அகழியுள் சரிய, இரண்டும் ஒருசேர மறையும். எனவே எச்சமின்மை கோட்டையின்மைக்குச் சான்றாகாது.

அதேவேளை வழக்கின் அடுக்குகளையும் பிரித்தறிதல் வேண்டும். தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடி பிணித்த செய்தியைத் திருமுல்லைவாயில் பற்றிய சுந்தரர் தேவாரம் கூறுகிறது. அவ்விடத்தில் குறும்பர் கோட்டை பேசப்படவில்லை. அங்குள்ள மாசிலாமணீசுவரர் கோயிலின் இரு எருக்கந்தூண்கள் அக்கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது தலவழக்கு கூறும் செய்தி.

முடிவுரை

மண்கோட்டையைக் கல்லில் தேடுதல் பயன் தராது. தாழ்ந்த நிலக்கோடுகள், ஏரிக்கரைகள், பழைய நில அளவைப் பதிவுகள், இடப்பெயர்கள் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தால் மட்டுமே புழல் வழக்கின் மெய்ம்மையை மதிப்பிட இயலும். புறநகர்க் குடியிருப்புகள் விரிந்துவரும் இந்நிலப்பகுதியில் அக்கள ஆய்வைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுதல் இன்றியமையாதது.