மறைப்பதால் வளரும் நோய்



தாமிரபரணிக் கரையிலுள்ள பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தனியே வந்து, "ஐயா, மேகநோய் என்றால் என்ன?" என்று கேட்டான். "படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?" என்று கடிந்து அனுப்பிவிட்டேன். யாருக்காகக் கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை. அன்று சொல்லாத விடையை, செவிலியராகப் பணியாற்றும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டறிந்து, இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கிரந்தி எனப்படும் மேகநோய், வெட்டை நோய் முதலியவை உடலுறவால் தொற்றுவதால் பால்வினை நோய்கள் எனப்படும். கிரந்தியின் திருகு வடிவக் கிருமியை 1905-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டனர். 1943-இல் பெனிசிலின் அதற்கு மருந்தாயிற்று.

இந்நோயின் வஞ்சகத்தைக் கேளுங்கள். முதலில் தோன்றும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் தீர்ந்ததென்று நோயாளி மகிழ்வார். கிருமியோ உள்ளே தங்கி, பல்லாண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். கருவிலுள்ள சிசுவையும் பற்றக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

தொடக்க நிலையில் பென்சத்தீன் பெனிசிலின் 24 இலட்சம் அலகு ஊசி ஒரு முறை போதும். ஆயினும் அம்மருந்து ஒவ்வாதவர் உண்டா என்பதைச் செவிலியர் முன்னரே கேட்டறிவார். ஊசி போட்டபின் சிறிது நேரம் அருகிருந்து கவனிப்பார். அன்றே காய்ச்சல் வரலாம், அஞ்ச வேண்டாம் என்றும் சொல்லிவைப்பார்.

துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். கால்வாய்க் கரை இரண்டு இடங்களில் உடைந்திருக்க, ஒன்றை மட்டும் அடைத்தால் நீர் நிற்குமா? குணமாகும்வரை உறவைத் தவிர்ப்பதும், பின்னர் ஆணுறை அணிவதும் காப்பாகும்.

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வினால் முதன்முதலாக வெளிப்பட்டது. பால்வினைப் புண் அக்கிருமிக்கு எளிய வாயில். ஆதலால் நோயாளியை, அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்திற்கும் செவிலியர் அனுப்புவார். அங்கே பரிசோதனை இலவசம், செய்தி இரகசியம்.

"மருந்துக்கு முன் நீ தருவது என்ன, அம்மா?" என்று அந்த மாணவியைக் கேட்டேன். "கதவைச் சாத்திவிட்டு, 'உட்காருங்க, அண்ணாச்சி' என்பேன் ஐயா. அவர் செய்ததை நான் எடைபோட்டால், அடுத்த முறை வரமாட்டார்" என்றாள்.

என் முன்னே நின்ற மாணவனை நான் உட்காரச் சொல்லவில்லை. நீங்கள் அப்பிழையைச் செய்யாதீர்கள்.