நடந்தால் கால் வலி: எப்படி விலகுகிறது என்று கவனியுங்கள்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், பலரும் முதலில் தேடுவது தைலத்தையும் வலி மாத்திரையையும்தான். அடுத்தது இடுப்புக்கு ஸ்கேன். ஆனால் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் தடயம், அந்த வலி எப்படி விலகுகிறது என்பதில் இருக்கிறது.

ரத்தக் குழாயா, நரம்பா?

காலுக்குப் போகும் தமனியில் கொழுப்பு படிந்து அடைத்தால், நடக்கும் தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜன் போய்ச் சேராது. அதனால் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வலி பிடிக்கும். மேடு ஏறினால் இன்னும் சீக்கிரம் வரும். உட்காரக்கூட வேண்டாம், நின்றாலே சில நிமிடங்களில் விட்டுவிடும். முதுகெலும்புக் கால்வாய் சுருங்கி நரம்பு நெருக்கப்பட்டாலோ, சும்மா நின்றாலும் கால் கனக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறையும்; குனியும்போது அந்தக் கால்வாய் சற்று விரிவதே காரணம். நடக்கத் திணறும் இவர்களில் பலர் சைக்கிளைச் சிரமமின்றி மிதிப்பதும் இதனால்தான்.

ஸ்கேன் சொல்லிவிடாதா?

வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் தேய்மானம் தெரியும். அறிகுறிகளைக் கேட்காமல் படத்தை மட்டும் நம்பினால், தமனி அடைப்பு உள்ளவருக்கு முதுகு வைத்தியம் நடக்கக்கூடும். அடைப்பைச் சந்தேகித்தால் முதலில் பாதத்தில் நாடி பார்த்து, கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்தால் போதும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.7. இந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருப்பதாகக் கொள்கிறார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனிச் சுவர் இறுகி இந்த அளவு பொய்யாக உயரலாம். 1.4-ஐத் தாண்டினால் கால் பெருவிரலில் அழுத்தம் அளக்க வேண்டும்.

வயதாகிவிட்டது, ஓய்வெடுத்தால் போதுமா?

வயது ஒரு காரணம்தான். ஆனால் காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், வயதைச் சொல்லி வலியை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வும் மருந்தல்ல. புகையை அறவே விட்டு, மருத்துவர் மேற்பார்வையில் வாரம் 3 முறை, 30 முதல் 45 நிமிடம், வலி வந்ததும் நின்று மறுபடி நடப்பதைக் குறைந்தது 12 வாரம் தொடர்ந்தால் பலருக்கு நடக்கும் தூரம் கூடுகிறது. படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தாலோ, புண் ஆறாவிட்டாலோ நாள் கடத்தக் கூடாது. கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றவர்கள், எத்தனை தூரத்தில் வலிக்கிறது, எங்கே வலிக்கிறது, நின்றால் விடுகிறதா, உட்கார்ந்தால் விடுகிறதா என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். சரியான சிகிச்சைக்கான பாதையை அந்தக் குறிப்பே திறந்துவிடும்.