இரு மருதுகள்

மரத்தைப் பெயரளவில் அறிதல் வேறு. உருவளவில் அறிதல் வேறு. நம் நாட்டார் ‘மருது’ என்னும் ஒரு சொல்லாற் பல மரங்களைச் சுட்டுப. அவற்றுள் நீர்மருது, கருமருது என்னும் இரண்டும் ஒரு குலத்தன. கடுக்காயும் தான்றியும் இவற்றிற்கு உறவின. இவ்விரண்டன் வேற்றுமையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஒற்றுமை கூறுவாம். இரண்டற்கும் இலை நீண்டது. பூ இதழின்றிக் கதிர்போல் அடர்வது. காய் ஐந்து சிறகுடையது. இதுபற்றியே முன்னைத் தாவரநூலார் இவற்றை ‘ஐஞ்சிறகி’ எனப் பொருள்படும் பென்டாப்டெரா இனத்துள் அடக்கினர். 1834-இல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் என்போர் இவற்றை டெர்மினாலியா இனத்துள் வைத்தனர்.

இனி வேற்றுமை. நீர்மருது காவிரிக்கரையிலும் ஓடைக்கரைகளிலும் வளர்வது. அதன் பட்டை வெளிறி, வழவழப்பாய்த் தகடு தகடாக உரியும். காய்ச்சிறகு குறுகியது; அதன் நரம்புகள் மேல்நோக்கி வளையும். கருமருதோ மலைச்சாரற் காடுகளில் வாழ்ந்து வேனிலில் இலையுதிர்ப்பது. அதன் பட்டை கறுத்து, முதலைத்தோல் போலக் கட்டங்கட்டமாக வெடித்திருக்கும். காட்டுத்தீயைத் தாங்க வல்லது. காய்ச்சிறகு அகன்றது, நரம்புகள் குறுக்கே நேராக ஓடும். கருமருதுள் சில தம் அடிமரத்தில் நீரைச் சேமித்து வைக்கும். 2024 மார்ச்சுத் திங்களில் ஆந்திர நாட்டுப் பாபிகொண்டலு காட்டில் வனத்துறையார் ஒரு மரத்தின் பட்டையைக் கொத்தியபோது நீர் பீறிட்டெழுந்தது.

இவ்வேற்றுமையறிவு வீண் ஆராய்ச்சியன்று. இதய நோய்க்கு வைத்தியர் வழங்குவது நீர்மருதின் பட்டை. சேலம், நாமக்கற் சமவெளியில் வாழும் நாம், ‘மருதம்பட்டை’ என்ற அளவிற் கொள்வோமாயின், ஒன்றற்கு மற்றொன்று வந்து சேர்தல் கூடும். பொடித்தபின் கண்ணால் வேறுபடுத்தல் அரிது.

மற்றொன்றும் உண்டு. இலை சமைத்த உணவு உட்பட்டையின் வழியே வேருக்கு இறங்குகின்றது. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடின் வேர் பட்டினியுற்று மரம் நாளடைவிற் பட்டுப்போம். அதன் வேர் பற்றிய கரையும் சரியும். உட்பட்டையை விட்டு, மேற்பட்டையை ஒரு பக்கத்தே சிறிதளவு மட்டும் எடுப்பின், பட்டை மீண்டும் வளரும். மருந்தும் கிட்டும்; மரமும் பிழைக்கும்.

மரம் அதன் கனியால் அறியப்படும் என்பது சுவிசேஷம் நமக்குணர்த்தும் உண்மை. அதனை ஆற்றங்கரையிலும் கைக்கொள்வோமாக. உதிர்ந்த காய் ஒன்றை எடுத்து, அதன் சிறகின் நரம்பை நோக்குக. அஃது எம்மருது என்பது தெற்றெனப் புலனாம்.