வாப்பாவின் இசைத்தட்டும் நான் வாங்கிய இறுவட்டும்

எங்கள் வாப்பா இளமையில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். துறைமுகம் துறைமுகமாகத் திரிந்த அந்த நாட்களில் அவர் தமக்கென்று வாங்கிய பொருட்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, மைல்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்க ட்ரம்பெட் கலைஞரின் 'கைண்ட் ஒஃப் புளூ' என்னும் ஜாஸ் இசைத்தட்டு. 1980களின் தொடக்கத்தில் வாங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதைச் சுழலவிட்டு, சாய்மனைக் கதிரையில் அவர் கண்மூடி இருப்பதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம்.

காலப்போக்கில் தட்டில் கீறல்கள் விழுந்தன. இசையை விடக் கரகரப்பே கூடுதலாகக் கேட்கத் தொடங்கியது. எனவே, எனது முதற் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதே இசையின் 'ரீமாஸ்டர்' செய்யப்பட்ட இறுவட்டொன்றை வாங்கி வாப்பாவுக்குப் பரிசளித்தேன்.

வாப்பா ஆவலோடு கேட்டார். முதல் மூன்று இசைப்பகுதிகளும் முடிந்ததும், "மகள், சத்தம் நல்ல தெளிவாத்தான் இருக்கு. ஆனா என்னவோ கொஞ்சம் இழுக்குது. என்ட தட்டுல இப்படி இல்ல" என்றார். நான்காவது பகுதி ஆரம்பித்துச் சற்று நேரத்தில், "இது சரி, இதுதான்" என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. காசைக் கொடுத்து ஏமாந்துவிட்டேனோ என்ற எண்ணத்தில் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது விளங்கியது: வாப்பாவின் காது பொய் சொல்லவில்லை. இறுவட்டிலும் பிழையில்லை.

நடந்தது இதுதான். அந்த இசை 1959ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் 30ஆம் வீதியில், முன்னர் தேவாலயமாக இருந்த கட்டடமொன்றில் அமைந்த கொலம்பியா நிறுவனத்தின் கலையகத்தில் இரண்டு நாட்களில் பதிவு செய்யப்பட்டது. மார்ச் 2ஆம் திகதி மூன்று பகுதிகள். ஏப்ரல் 22ஆம் திகதி இரண்டு பகுதிகள். முதல் நாளன்று, பிரதான ஒலிநாடா இயந்திரம் இருக்க வேண்டிய வேகத்தை விடச் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டால் என்ன நடக்கும்? இசை சற்று விரைவாக ஓடும். சுருதியும் சற்று உயர்ந்துவிடும். அப்படித்தான் அந்தத் தட்டின் முதற் பக்கம் முழுவதும் வெளியானது. அத்தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக விரும்பியவர்கள், தமது வாத்தியத்தின் சுருதியை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.

நல்லவேளையாக, பாதுகாப்புக்கென இன்னோர் இயந்திரத்திலும் அதே நேரத்தில் பதிவு செய்திருந்தார்கள். அது சரியான வேகத்தில் ஓடியிருந்தது. அந்த நாடாவைக் கொண்டு 1992இல் பிழை திருத்தப்பட்டது. வெளிவந்து 33 ஆண்டுகளின் பின்னரே, அந்தக் கலைஞர்கள் அன்று வாசித்த அதே வேகத்தில் அதை உலகம் கேட்டது. வாப்பாவுக்கு முதல் மூன்று மட்டும் இழுப்பது போலவும் நான்காவது சரியாகவும் பட்டதன் காரணம் இதுவே. ஜாஸ் இலக்கணம் எதுவும் படியாத ஒருவர் கேட்டுக் கேட்டே இதைப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி, 'ரீமாஸ்டர்' என்பது என்னவென்று பார்ப்போம். கலையகத்தில் பதிவானதை ஒழுங்குபடுத்தி இறுதியாக ஆக்கப்படும் நாடாவே மூல நாடா. அதிலிருந்து ஒலியை எடுத்து, தட்டுக்கோ இறுவட்டுக்கோ பொருந்துமாறு அளவு சரிபார்த்து வெளியிடுவது மாஸ்டரிங். அதே வேலையைப் பிற்காலத்தில், புதிய கருவிகளோடு மீண்டும் செய்வதே ரீமாஸ்டர். பழைய கையெழுத்துப் பிரதியொன்றை மறுபடியும் பதிப்பிப்பது போன்ற வேலை இது. பதிப்பாசிரியர் மூலப் பிரதியைத் தேடிப் பிடித்தாரா, அல்லது பிரதியின் பிரதியைப் பார்த்து எழுதினாரா என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. ஒலிநாடாவும் அப்படியே. ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், நுண்மை குறையும்.

மூல நாடாவே இல்லாத இசைகளும் உண்டு. 1923இல் இன்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஜெனட் நிறுவனத்தின் கலையகத்தில் கிங் ஒலிவரின் குழு வாசித்தது. இளைஞரான லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்கும் அதில் இருந்தார். அக்காலத்தில் ஒலிவாங்கியால் இசை பதிவதில்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன்னே நின்று வாசிக்க வேண்டும். கலையகத்துக்கு அருகே ரயில் பாதை இருந்ததால், ரயில் கடந்து போகும்வரை பதிவை நிறுத்திவைப்பார்களாம். இத்தகைய இசையை இன்று மீட்பவர்கள், எஞ்சியிருக்கும் பழைய தட்டுகளில் தேய்வு குறைந்த ஒன்றைத் தேட வேண்டும்; அதன் பள்ளத்துக்குப் பொருந்தும் ஊசியைத் தெரிய வேண்டும்; சரியான வேகத்தையும் கண்டறிய வேண்டும். இவற்றைப் பொறுமையாகச் செய்த பதிப்பில், முன்பு வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே கேட்கிறது. இப்படியான பதிப்புக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

ஆனால் 'ரீமாஸ்டர்' என்று அட்டையில் போட்டதெல்லாம் இத்தகையதல்ல. 1990களின் பின் வெளிவந்த பல இறுவட்டுகளில், மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். முதற் கேள்வியில் அது கவர்ச்சியாக இருக்கும். உரத்து ஒலிப்பதையே நல்லதென்று எண்ணுவது நமது காதின் இயல்பு. சற்று நேரத்தில் அலுத்துவிடும். மெல்லப் பேசி, வேண்டிய இடத்தில் மட்டும் குரல் உயர்த்தும் ஆசிரியை ஒருவரின் பேச்சை, தொடக்கம் முதல் முடிவு வரை கத்தலாக மாற்றியதற்கு அது ஒப்பாகும். வேறு சிலர் இரைச்சலை நீக்குகிறோம் என்று, தாளத் தகடுகளின் மெல்லிய ஒலியையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே மூல நாடாவைக் கண்ணாலும் காணாத நிறுவனங்களும் அவற்றை மலிவாக வெளியிடலாம். பழைய தட்டையோ மற்றவரின் இறுவட்டையோ பிரதி செய்து, மேலே 'ரீமாஸ்டர்' என்று அச்சிடுவதும் நடக்கிறது.

அப்படியானால் வாங்கலாமா, கூடாதா? வாங்குமுன் நான் இப்போது பார்ப்பவை இவை. முதலில், உள்ளிருக்கும் சிறு நூலில் எந்த மூலத்திலிருந்து, யார், எந்த ஆண்டு செய்தார் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? நேர்மையான பதிப்பு பெரும்பாலும் இதை மறைப்பதில்லை. இரண்டாவது, பழையதில் திருத்த வேண்டிய குறை ஏதும் இருந்ததா? குறை எதுவுமின்றி, கையிலுள்ள பதிப்பே நன்றாக ஒலிக்குமானால் இன்னொன்று தேவையில்லை. மூன்றாவது, முடிந்தால் இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்க வேண்டும். நான்காவது, வீட்டில் எதில் கேட்கப் போகிறோம்? கையடக்கத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு இந்த வேறுபாடுகளில் பெரும்பாலானவை எட்டாது. அவருக்கு நல்லதொரு காதொலிப்பானே முதற் செலவாக இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைகள் 'புதிய பதிப்பு' என்று எதைக் கேட்டாலும், புத்தகமோ இசையோ, "பழையதில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?" என்று அவர்களிடமே கேளுங்கள். விடை தேடும்போது அவர்கள் கற்றுக்கொள்வது, வாங்கும் பொருளை விடப் பெறுமதியாக இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

நான் அறிந்ததையெல்லாம் வாப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். "அப்ப இவ்வளவு வருஷமா நான் பிழையத்தான் ரசிச்சிருக்கன்!" என்றார்.

இப்போது அவர் பெரும்பாலும் இறுவட்டையே கேட்கிறார். முதல் மூன்று பகுதிகளும் அவருக்கு இழுப்பதில்லையாம், பழகிவிட்டது. ஆனாலும் சில இரவுகளில், அலுமாரியிலிருந்து பழைய தட்டை எடுத்துத் துடைத்து வைப்பார். கரகரப்போடு, சற்று விரைவாக, அது சுழலும். நாங்களும் ஒன்றும் சொல்வதில்லை.