கப்பல் டிக்கெட்டின் அடக்க விலை என்ன?

சென்ற மாதம் ஒருநாள் ளுஹர் தொழுதுவிட்டுக் கடையில் வந்து உட்கார்ந்தேன். எங்கள் வீதியில் பிடவை வியாபாரம் செய்யும் ஓர் இளைஞர் விளம்பரத் துண்டொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நானா, சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம். மூன்று இரவு. சாப்பாடும் அதிலேயே. ஆளுக்கு 350 டொலர்தான். வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போகலாமென்று பார்க்கிறேன். என்ன சொல்றீங்க?"

"தம்பி, சீனாவிலிருந்து சாமான் இறக்கினால் இன்வொய்ஸில் உள்ள விலையை வைத்தா விற்கிறீர்?" என்று கேட்டேன்.

"அதெப்படி நானா? பிரைட், டியூட்டி, கிளியரிங், லொறிக் கூலி எல்லாம் சேர்த்துத்தானே அடக்கம் போடணும்."

"கப்பல் டிக்கெட்டுக்கும் அப்படித்தான் அடக்கம் போடணும்" என்றேன்.

கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் உல்லாசக் கப்பல்கள் வந்து போகின்றன. ஆனால் நமது ஆட்கள் பெரும்பாலும் நான்கு மணித்தியாலம் விமானத்தில் பறந்து சிங்கப்பூரில்தான் கப்பல் ஏறுகிறார்கள். நானும் 2018ஆம் ஆண்டு மனைவியோடு அப்படித்தான் போனேன். முப்பது வருட வியாபாரி என்ற பெயர் இருந்தும் அந்தப் பயணத்துக்கு அடக்கம் போட மறந்துவிட்டேன். அந்தப் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

விளம்பர விலையும் உண்மை விலையும்

விளம்பரத்தில் உள்ள விலை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஒருவருக்கான விலையாகும். தனியாகப் போகிறவர் அநேகமாக இருவருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டி வரும். அந்த விலையோடு துறைமுகக் கட்டணமும் வரிகளும் சேரும். அடுத்து வருவது ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம். பல கம்பனிகள் இதை ஆளுக்கு ஓர் இரவுக்கு 16 முதல் 20 டொலர் வரை தாமாகவே பில்லில் சேர்த்துவிடுகின்றன. சின்னப் பிள்ளைக்கும் இது உண்டு.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் தருகிறேன். இருவருக்கு டிக்கெட் 700 டொலர். துறைமுகக் கட்டணமும் வரியும் 200. சேவைக் கட்டணம் ஓர் இரவுக்கு 18 வீதம் மூன்று இரவுக்கு இருவருக்கும் 108. ஒரு போனுக்கு இன்டர்நெட் 60. ஒரு துறைமுகத்தில் கப்பல்காரர் நடத்தும் சுற்றுலா இருவருக்கு 140. மொத்தம் 1,208 டொலர். டொலரை 300 ரூபாவென வைத்தால், 2 இலட்சத்து 10 ஆயிரமென்று நினைத்தது 3 இலட்சத்து 62 ஆயிரத்து 400 ரூபாவாகிறது. விமான டிக்கெட், சிங்கப்பூரில் தங்குமிடம், விசா, காப்புறுதி ஆகியவை இதற்கு வெளியே.

கப்பல்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அறையைக் குறைந்த விலைக்குக் கொடுத்து ஆளை ஏற்றிவிட்டு, மதுச்சாலை, சூதாட்டம், கடைகள், அழகு நிலையம், சுற்றுலா ஆகியவற்றில் சம்பாதிப்பது அவர்களுடைய வியாபார முறை. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் அதிகம் சம்பாதிக்கும் முதல் இரண்டும் நமக்கு ஹராம். எனவே பானங்களுக்கான பெக்கேஜை யாராவது சலுகையென்று நீட்டினால் வாங்க வேண்டாம். தண்ணீர், தேநீர், கோப்பி ஆகியவை சாப்பாட்டு மண்டபத்தில் பொதுவாக இலவசமாகவே கிடைக்கும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

முதலாவது, காலம். சிங்கப்பூர்ப் பாடசாலைகளுக்கு ஜூன் மாதத்திலும், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடிவு வரையும் நீண்ட விடுமுறை. அப்போது கப்பல் நிரம்பும், விலையும் ஏறும். நமது பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்து அவர்களுக்குக் கிடைக்காத வாரங்களைத் தேடிப் பாருங்கள். வார இறுதியை விட வார நாட்களில் புறப்படும் பயணம் பெரும்பாலும் மலிவு.

இரண்டாவது, அறை. ஜன்னல் இல்லாத உள் அறைதான் ஆகக் குறைந்த விலை. மூன்று இரவில் தூங்குவதற்கு மட்டுமே அறைக்கு வருகிறோம். கடல் பார்க்க மேல்தளம் முழுவதும் இருக்கிறது. தலைச்சுற்று வருமென்று பயப்படுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

மூன்றாவது, போன். நடுக்கடலில் நமது போன் கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாகவே இணைந்துவிடும். அதன் கட்டணம் சாதாரண ரோமிங் கட்டணத்தை விடப் பல மடங்கு. நான் ஒரு கோல் கூட எடுக்கவில்லை. போன் சட்டைப்பையில் கிடந்து தானே டேட்டா இழுத்ததற்கு ஊருக்கு வந்த பிறகு பில் வந்தது. கப்பல் புறப்படும் முன் போனை பிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

நான்காவது, கரையில் இறங்கும்போது. நாமாகவே டாக்சி பிடித்தால் கப்பல் சுற்றுலாவில் பாதிச் செலவும் வராது. ஆனால் நேரத்தில் கவனம் வேண்டும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னே. கப்பலில் எந்த நேரம் ஓடுகிறதென்று கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர் நடத்தும் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நாம் தனியாகப் போய்ப் பிந்தினால் காத்திருக்காது.

ஐந்தாவது, சிங்கப்பூருக்குள் போக்குவரத்து. மரீனா பே கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே மரீனா சவுத் பியர் ரயில் நிலையம் இருக்கிறது. மற்ற முனையத்துக்கு ஹார்பர்பிரன்ட் நிலையம். டாக்சி தேவையில்லை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே சிங்கப்பூர் போய்விடுங்கள். விமானம் பிந்தினால் கப்பலையும் கட்டிய காசையும் ஒன்றாக இழப்போம்.

டொலர் ஏறி இறங்குவதையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 203 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. முற்பணம் மட்டும் கட்டிவிட்டு மீதியைப் பிறகு கட்டுகிறவர்கள் ரூபாவில் கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கி வையுங்கள். கப்பலில் பதியக் கொடுக்கும் அட்டையிலும் ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்தி வைப்பார்கள். டெபிட் அட்டை கொடுத்தால் நமது கைக்காசு சில நாள் முடங்கும்.

கைப்பையும் பெரிய பேக்கும்

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் மனைவிக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடுகிறவர். முனையத்தில் பகல் 12 மணிக்குப் பெரிய சூட்கேஸை வாங்கிக்கொண்டார்கள். அது நேரே அறைக்கு வரும் என்றார்கள். நாங்களும் சந்தோஷமாகக் கை வீசிக்கொண்டு ஏறினோம். இன்சுலின் அந்த சூட்கேஸுக்குள் இருந்தது.

ஆயிரக்கணக்கானோரின் பெட்டிகளை அறை அறையாகச் சேர்க்க வேண்டுமல்லவா? எங்களுடையது இரவு எட்டரைக்குத்தான் வந்தது. அதுவரை அவர் சாப்பிடவும் பயந்து, சாப்பிடாமலிருக்கவும் பயந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் வரவேற்பு மேசைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அல்லாஹ்வின் உதவியால் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முன் கொழும்பிலிருந்து வந்த விமானத்திலும் அந்த இன்சுலின் சரக்கு அறையின் குளிரில்தான் வந்திருக்கிறது. உறைந்த இன்சுலின் பயன்படாது என்று பிறகு டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆகவே கைப்பையில் இருக்க வேண்டியவை: மருந்து முழுவதும், டொக்டரின் துண்டு, கடவுச்சீட்டு, விசா, கப்பல் டிக்கெட், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்று உடை. இதில் எதையும் பெரிய பேக்கில் போடாதீர்கள்.

பெரிய பேக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று இரவுக்கு மூன்று சோடி உடுப்புப் போதும். கப்பலுக்குள் குளிரூட்டி கடுமையாக இருக்கும், ஒரு சால்வை வையுங்கள். முஸல்லா மெல்லியதாக இருக்கட்டும். கப்பலின் இரும்புக்குள் போன் கொம்பஸ் பிழை காட்டும். கப்பல் எந்தத் திசையில் போகிறதென்று ஊழியரிடமோ அறைத் தொலைக்காட்சி வரைபடத்திலோ பார்த்து கிப்லாவைக் கணியுங்கள். ஸ்திரிப்பெட்டியும் கேத்தலும் தீ அபாயம் என்று எடுத்துவிடுவார்கள், வீணாகச் சுமக்காதீர்கள். பிளக் அடப்டர் ஒன்று கட்டாயம். வெற்றிலை போடுகிறவர்கள் கவனிக்க: வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை.

காசு கட்டும் முன்

எனது நண்பர் ஒருவர் குடும்பத்தோடு முனையம் வரை போய்த் திரும்பி வந்தார். கப்பல் தொடும் ஒரு நாட்டுக்கு விசா எடுக்கவில்லை. "நாங்கள் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்று சொல்லியும் ஏற்றவில்லை, காசும் திரும்பவில்லை. சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவையில்லை என்பதை வைத்து அவர் மற்ற நாட்டையும் கணித்துவிட்டார். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் முகவரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம், அதற்குக் காசு கேட்கும் தளங்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஹலால் உணவு உண்டா, எந்தச் சாப்பாட்டு மண்டபத்தில், யாருடைய சான்றிதழ் என்பதையும் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஏறிய பின் கேட்டால் மூன்று நாளும் பழமும் பாணும்தான். கப்பலிலுள்ள மருத்துவரின் கட்டணம் டொலரில் வரும் என்பதால் பிரயாணக் காப்புறுதியையும் அடக்கத்தில் சேருங்கள்.

அந்த இளைஞர் விளம்பரத் துண்டின் பின்பக்கத்திலேயே கணக்கைப் போட்டுப் பார்த்தார். சற்று நேரம் பேசாமலிருந்தார். "இந்த வருஷம் சரிவராது நானா, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு சந்தோஷமாக இருப்பதும் நல்ல செலவுதான். அடக்கம் தெரிந்து வாங்கினால் திரும்பி வந்த பிறகு கடனுக்காகத் தூக்கம் கெடாது.