நக்கீரரை ஏன் சார் எரித்தார்கள்?

ஆண்டு விழா நெருங்கினால் எங்கள் பள்ளிக்குத் தருமி வந்துவிடுவார். சென்ற ஆண்டும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 'திருவிளையாடல்' காட்சிக்கு ஒத்திகை பார்த்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், நக்கீரர் சரியாத்தானே சொன்னாரு? அப்புறம் ஏன் அவரை எரிச்சாங்க?"

விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. "அதெல்லாம் கதைம்மா, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அதன்பின் ஒரு வாரம் வகுப்பில் அவள் கை உயரவே இல்லை. குற்றம் கண்டவரை ஏன் எரித்தார்கள் என்று கேட்ட பிள்ளையின் வாயை நானே அடைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

விடை தேடி நூல்களைப் புரட்டினேன். நாம் ஒரே கதை என்று நினைப்பது உண்மையில் மூன்று அடுக்குகளாக இருக்கிறது.

முதல் அடுக்கு: பாடல்

சிவபெருமான் தருமிக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பாடல், குறுந்தொகையின் 2ஆம் பாடல். பாடியவர் பெயர் இறையனார். குறிஞ்சித் திணையில் அமைந்த இப்பாடலில் மன்னனும் இல்லை, பொற்கிழியும் இல்லை. தலைவன் ஒருவன் தும்பியிடம், "நீ அறிந்த பூக்களில் என் தலைவியின் கூந்தலைப் போல மணம் உள்ளது உண்டா?" என்று கேட்கிறான். அது காதலன் தன் காதலியைப் பாராட்டும் பேச்சு. அறிவியல் முடிவு அன்று.

இரண்டாம் அடுக்கு: புராணம்

தருமிக்கு இறைவன் பொற்கிழி அருளிய செய்தியை அப்பர் தம் தேவாரத்திலேயே குறிப்பிடுகிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதை விரித்துச் சொல்கிறது. 64 திருவிளையாடல்களில் 52ஆவது, தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம். அங்கே தருமி கோமாளி அல்லர். பெற்றோரை இழந்து, திருமணம் செய்துகொள்ளப் பொருள் இல்லாமல் தவிக்கும் இளைஞர். மன்னனின் ஐயத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் காத்திருக்கிறது. நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 53ஆவது படலம் கீரனைக் கரையேற்றுகிறது. 54ஆவது படலத்தில் அவருக்கு இலக்கணம் உபதேசிக்கப்படுகிறது.

மூன்றாம் அடுக்கு: திரைப்படம்

1965இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' வெளிவந்தது. சிவனாகச் சிவாஜி கணேசனும் தருமியாக நாகேஷும் நடித்தார்கள். நக்கீரராக இயக்குநரே நடித்தார். இன்று நம் மாணவர்களுக்குத் தருமி என்றால் நாகேஷின் முகம்தான். அதில் தவறில்லை. ஒவ்வொரு காலமும் பழைய கதையைத் தன் சுவைக்கேற்பச் சொல்லித்தான் வந்திருக்கிறது. எந்தச் செய்தி எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதே நம் வேலை.

வகுப்பறையில்

அடுத்த வாரம் அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்தேன். ஒரு குழுவுக்குக் குறுந்தொகைப் பாடலும் உரையும், இன்னொரு குழுவுக்குப் புராணக் கதையின் சுருக்கம், மூன்றாவது குழுவுக்குத் திரைப்படக் காட்சி. "யார் கேட்கிறார்? யாரிடம்? எதற்காக?" என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதச் சொன்னேன்.

பாடல் குழுவில் இருந்த அவள்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். தலைவன் தும்பியிடம், எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல் என்றுதான் கேட்கிறான். "அப்போ பாட்டு கேட்டதைத்தான் சார் நக்கீரர் செஞ்சிருக்காரு. அவருக்குத் தெரிஞ்சதைச் சொன்னாரு."

பல ஆண்டுகள் இப்பாடலை நடத்தியவன் நான். எனக்கு இது தோன்றியதே இல்லை.

நக்கீரரை ஏன் எரித்தார்கள் என்பதற்கு வகுப்பு ஒரே விடைக்கு வரவில்லை. சொன்ன முறை சரியில்லை என்றனர் சிலர். சோதனைதான், அதனால்தான் கரையேற்றினார் என்றனர் சிலர். பக்தி உள்ள பிள்ளையும் மாற்றுக் கருத்துள்ள பிள்ளையும் சண்டையின்றிப் பேசினார்கள். யாருடைய நம்பிக்கையையும் சீண்டாமல், யாருடைய கேள்வியையும் தடுக்காமல் ஒரு பாடவேளை நடந்தது.

கர்ணன், சீதை, கண்ணகி பற்றியெல்லாம் நம் பிள்ளைகளிடம் இப்படிக் கேள்விகள் இருக்கின்றன. பாடத்துக்குச் சம்பந்தம் இல்லாதவை போலத்தான் தோன்றும். அடுத்த முறை அப்படி ஒரு கை உயரும்போது, "போய் உட்காரு" என்று சொல்வதற்கு முன் அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். விடையை மெதுவாகத் தேடிக்கொள்ளலாம்.