கட்டைப் பையில் அடங்கும் கடை!

"வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், இந்த டப்பாக்களை நாலு பேருக்கு விற்றுப் பாரேன்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். வீட்டில் நாம் 'சும்மா' இருக்கிற லட்சணம் நமக்குத்தான் தெரியும்! இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்டதும் மனசுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. வீட்டை விட்டு அதிக தூரம் போக வேண்டாம். குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் திரும்பிவிடலாம். கைச்செலவுக்கு அவரிடம் கை நீட்ட வேண்டாம். நல்ல யோசனைதான்.

ஆறு வருஷமாக நானும் இப்படி வீட்டுக்கு வீடு 'டெமோ' காட்டிச் சமையலறைச் சாமான்கள் விற்று வருகிறேன். அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்வேன். இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் முதல் நாளே முடிவாகிவிடுகிறது. ஆரம்பத்தில் நாம் எடுக்கிற 'ஸ்டார்ட்டர் கிட்'டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

விற்கவா, காட்டவா?

நிறையப் பெண்கள் கிட்டைக் கடைச் சரக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரக்கு அல்ல, சகோதரிகளே. அது காட்டுவதற்கு. பார்த்தவர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து சாமான் வரவழைத்துக் கொடுப்போம்.

இந்த வியாபார முறை பிறந்த கதையைக் கேட்டால் விஷயம் இன்னும் நன்றாகப் புரியும். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் 1946-ல் டப்பர்வேர் டப்பாக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கடைகளில் அடுக்கி வைத்தும் சரியாக விற்கவில்லை. காரணம், அந்த மூடி! ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கிற காற்றை 'புஸ்'ஸென்று வெளியே விட்டு மூட வேண்டும். அதை யாராவது செய்து காட்டினால்தானே புரியும்? பிரவுனி வைஸ் என்ற பெண்மணி நாலு பேரை ஒரு வீட்டில் கூட்டி வைத்துச் செய்து காட்டினார், டப்பாக்கள் பறந்தன. 1951-ல் டப்பர் தம் சாமான்களைக் கடைகளிலிருந்தே எடுத்துவிட்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்க ஆரம்பித்தார். அந்தப் பொறுப்பையும் இந்தப் பெண்மணியிடமே ஒப்படைத்தார். 1996-ல் அந்தக் கம்பெனி நம் நாட்டுக்கும் வந்தது. பிறகு வேறு பல கம்பெனிகளும் இதே வழியில் விற்கத் தொடங்கின.

ஆக, கையில் எடுத்துச் செய்து காட்டினால்தான் அருமை தெரியும் என்கிற சாமானுக்குத்தான் இந்த வழி. பார்த்தவுடனே புரிகிற சாமானை எவர்சில்வர் கடையில் வாங்கிக்கொள்வார்கள். நாம் எதற்கு?

பதினேழு வீட்டுக்கு எங்கே போவது?

போன வருஷம் என் ஓரகத்தியின் பெண் இதில் சேர ஆசைப்பட்டாள். எங்கள் உறையூரிலேயே இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள். குழந்தை எல்.கே.ஜி. போகிறது. ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸுக்காக வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்து ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தாள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பெரியம்மா, பெரிய கிட்டா எடுத்தா பத்தாயிரம் ரூபா சாமான் ஆறாயிரத்துக்கே கிடைக்குதாம். சின்னது எடுத்தா எனக்குத்தான் நஷ்டம்னு சொல்றாங்க."

"உட்காரு. முதல்ல ஒரு பென்சில் எடு" என்றேன்.

இருவரும் கணக்குப் போட்டோம். கமிஷன் நூற்றுக்கு இருபது. ஒரு டெமோவில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஆர்டர் வந்தால் நமக்கு 500 ரூபாய். அதில் சுண்டல், காபி, போக்குவரத்து என்று 140 ரூபாய் போய்விடும். மிச்சம் 360. ஆறாயிரம் ரூபாய் திரும்பி வர எத்தனை டெமோ? பதினேழு! 1,800 ரூபாய்ச் சாமானோடு நிறுத்திக்கொண்டால்? ஐந்தே ஐந்து.

"உனக்குக் கூச்சமில்லாமப் போய் உட்காரக்கூடிய வீடு எத்தனை இருக்கு, சொல்லு."

விரல் விட்டு எண்ணினாள். ஏழு வீடு.

"அப்ப மீதிப் பத்து வீட்டுக்கு எங்கே போவே?"

அவள் பதில் சொல்லவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, சாமான் பட்டியலை என் பக்கம் திருப்பினாள். பத்தாயிரம் ரூபாய்ச் சாமான் என்பது விற்றால்தான் பத்தாயிரம். விற்காவிட்டால் பரணில் தூசி படிகிற டப்பா, அவ்வளவுதான். அப்படிப் பரண் நிறைந்த வீடுகளை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் மூன்று கேள்விகள்

ஒரு சாமானைக் கிட்டில் சேர்க்கலாமா என்று பார்க்க என்னிடம் மூன்று கேள்விகள் உண்டு.

முதலாவது: இதன் உபயோகத்தை ஐந்து நிமிஷத்தில், அடுப்பு இல்லாமல் காட்ட முடியுமா?

இரண்டாவது: நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற எவர்சில்வர் பாத்திரம் செய்யாத வேலையை இது செய்கிறதா? கல்யாணச் சீரில் வந்த தூக்கும் சம்படமும் அஞ்சறைப் பெட்டியும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அவற்றோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது.

மூன்றாவது: ஒன்றுகூட விற்காவிட்டாலும் இது என் அடுக்களையில் உழைக்குமா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கட்டைப் பையில் அடங்கவும் வேண்டும். டவுன் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள் நாம்தானே!

நாங்கள் தேர்ந்தெடுத்த ஐந்து

1. காற்றுப் புகாத டப்பா, ஒன்றரை லிட்டர் - 450 ரூபாய்: கூட்டத்தில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு கிலோ துவரம் பருப்பு கொள்ளுமா?" என்பதுதான். ஒரு லிட்டர் டப்பாவில் சுமார் 800 கிராம்தான் கொள்ளும். மீதியை பாக்கெட்டிலேயே ரப்பர் பாண்டு போட்டு வைக்க வேண்டியதுதான். அதனால் ஒன்றரை லிட்டரே சரி. மிளகாய்த்தூள் இலேசு, அரைக் கிலோவே ஏறக்குறைய ஒரு லிட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் வீட்டிலேயே ஒரு தடவை கொட்டிப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எப்படிக் காட்டுவது? முதல் நாளே அப்பளம் பொரித்து, பாதியை இந்த டப்பாவிலும் பாதியைச் சாதாரணத் தகர டப்பாவிலும் போட்டு எடுத்துப் போங்கள். கூட்டத்தில் இரண்டையும் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் நாம் பேசவே வேண்டாம், நொறுங்குகிற அப்பளம் பேசும். மழைக் காலத்தில் இது இன்னும் நன்றாக எடுபடும்.

2. குட்டி டப்பாக்கள், நான்கு கொண்டது - 350 ரூபாய்: அரைத்த தேங்காய், மீந்த சட்னி, இஞ்சி பூண்டு விழுது என்று ஃப்ரிட்ஜுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். நவராத்திரி சமயத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க டஜன் கணக்கில் கேட்பார்கள்.

3. குழந்தைகள் டிபன் பாக்ஸ் - 400 ரூபாய்: இதில் ஒரே ஒரு பரீட்சை. கூட்டத்துக்கு வந்த ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து மூடச் சொல்லுங்கள். குழந்தையால் திறக்க முடியாத டப்பாவில் தயிர் சாதம் அப்படியேதான் வீட்டுக்குத் திரும்பி வரும். தாய்மார்களுக்கு இது உடனே புரியும்.

4. தண்ணீர் பாட்டில் - 250 ரூபாய்: தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டலாம். வாய் அகலமாக, பிரஷ் உள்ளே போய்த் தேய்க்கும்படி இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்துக்கு முன்னால் பாட்டிலும் டிபன் பாக்ஸும் அதிகம் போகும்.

5. கயிறு இழுத்து வெங்காயம் நறுக்குகிற சாப்பர் - 350 ரூபாய்: இதுதான் கூட்டத்தைக் கலகலப்பாக்கும். நீங்களே இழுத்துக் காட்டாதீர்கள். அந்த வீட்டு மாமியார் கையில் கொடுங்கள்! பிளேடு கூர்மை, ஜாக்கிரதை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எதை விட்டோம்?

பெரிய கிட்டில் நான்-ஸ்டிக் பாத்திர செட் ஒன்று பளபளவென்று இருந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பில்லாமல் காட்ட முடியாது, கனமும் அதிகம். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கேட்டால், அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்பில் சூடாகாது. வெறும் நான்-ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக் காய விடக் கூடாது என்பதையும் வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் பைக்கு இத்தனை பாரம் வேண்டாம் என்று விட்டோம்.

மாவு டப்பாவையும் விட்டோம். இட்லி மாவு பொங்கும்போது காற்று உண்டாகும். இறுக மூடினால் மூடி 'டப்'பென்று திறந்துகொள்ளும், மாவும் வழியும். பாதி டப்பாதான் நிரப்ப வேண்டும், மூடியை லேசாகத்தான் வைக்க வேண்டும் என்று விளக்குவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். நாலு டெமோ காட்டிப் பழகியபின் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்லக் கூடியதும் கூடாததும்

பிளாஸ்டிக் சாமானென்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள். 5 என்றிருந்தால் பாலிபுரோப்பிலீன். சூட்டை ஓரளவு தாங்கும் வகை. ஆனாலும் மைக்ரோவேவ் அடுப்புக்கான குறி இல்லாவிட்டால் "அதில் வைக்கலாம்" என்று சொல்லாதீர்கள். கொதிக்கிற சாம்பாரை ஊற்றலாம் என்றும் சொல்ல வேண்டாம். வெளிர் நிற டப்பாவில் மஞ்சள் கறை பிடிக்கும். அதை மறைக்காமல் சொல்லி, கழுவி வெயிலில் காய வைத்தால் கறை மங்கும் என்ற உபாயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்மை சொல்கிறவளிடம்தான் அடுத்த முறையும் ஆர்டர் வரும்.

"ஆயுள் முழுக்க காரண்டி" என்று வாய்க்கு வந்தபடி சொல்வதும் ஆபத்து. டப்பர்வேர் போன்ற உலகப் பெயர் வாங்கிய கம்பெனியே 2024 செப்டம்பரில் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சொல்லுங்கள். நாளைக்கு மூடி உடைந்தால் கம்பெனியைத் தேடமாட்டார்கள், நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சட்டமும் நமக்குத் துணை இருக்கிறது. இப்படிப்பட்ட நேரடி விற்பனைக்கு மத்திய அரசு 2016-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சேருவதற்கென்று கட்டணமோ, டெமோ சாமானுக்கென்று கட்டாயப் பணமோ வாங்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகளும் வந்துவிட்டன. ஆள் சேர்த்து ஆள் சேர்த்துப் பணம் பார்க்கிற பிரமிட் திட்டங்களுக்குத் தடை இருக்கிறது. விற்கப் போகிறவர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்காமலும் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது.

எனவே கிட் எடுப்பது நம் விருப்பம்தான். "பெரிசா எடுத்தாத்தான் சேர்த்துப்போம்" என்று யாராவது சொன்னால், "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். சாமானைப் பற்றிப் பேசாமல், "உங்களுக்குக் கீழே எத்தனை பேரைச் சேர்ப்பீங்க?" என்றே கேட்டாலும் அப்படித்தான். விற்காத சாமானைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

ஓரகத்தி பெண்ணின் கணக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முதல் டெமோவில் எட்டுப் பேர் வந்தார்கள். ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குத்தான் ஆர்டர். முகம் வாடிப்போனாள். இரண்டாவதில் மூவாயிரத்தைத் தாண்டியது. நாலு மாதத்தில் ஆறு டெமோ காட்டி 1,800 ரூபாயையும் எடுத்துவிட்டாள். ஃபீஸுக்கு வைத்திருந்த மீதிப் பணத்தோடு அதுவும் சேர, ஜூன் மாதம் யாரிடமும் கடன் கேட்காமல் ஃபீஸ் கட்டினாள். பெரிய பணக்காரியாகவில்லை. ஆனால் எதையும் அடகு வைக்கவும் இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிற சகோதரிகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. வரும் கமிஷனைத் தனியாக ஒரு சம்படத்தில் போட்டு வையுங்கள். கிட்டுக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்புகிறவரை புதிய சாமான் வாங்காதீர்கள். திரும்பிய பிறகு, கூட்டத்தில் எந்தச் சாமானைப் பற்றி அதிகம் பேர் கேட்டார்களோ அந்த ஒன்றை மட்டும் பையில் சேருங்கள்.